தவமணி பாடியபோது ஆட்டம் நின்றது

ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் புதிதாக வாசிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். பாடகியோடு வாசிக்கும்போது டிரம்ஸ்காரன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் கைப்பேசியை எடுத்து, அதில் டிக் டிக் என்று அடிக்கும் ஒன்றைக் காட்டினார். அது காதில் இருந்தால் தாளம் தவறவே தவறாதாம். சரி, தவறாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி அதுவல்ல. அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. போகும்போது ஜன்னலை வேறு திறந்து வைத்துவிட்டுப் போனீர்கள், சளி பிடித்துக்கொண்டது. பேச முடியாததால் எழுதுகிறேன்.

நான் எண்ணுகிறவன். டிரம்ஸ்காரன் வேலையே அதுதான். பாட்டு ஓடும்போது மற்றவர்கள் கனவு காணலாம், எதிர் மேசையில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம். நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நான்கு அடி ஒரு பார். முப்பத்திரண்டு பார் ஒரு சுற்று. நாங்கள் வாசித்த பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான். சுற்று முடிந்ததும் மறுபடி தலையிலிருந்து தொடங்கும். முதலில் பாடகி பாடுவார், பிறகு பியானோ தன் இஷ்டப்படி ஒரு சுற்று போகும், பிறகு மறுபடி பாடகி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தவமணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதென்றால் வெட்கப்பட வேண்டும். எனக்குத் தெரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து போய் ஜாஸ் பாடிப் பெயர் வாங்கிய முதல் பெண் அவள். எண்பதுகளில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவள் பாடுகிறாள் என்றால் மண்டபத்தில் நிற்க இடம் இருக்காது. இசைத்தட்டு வந்தது. தொலைக்காட்சியில் வந்தாள். ஆனால் இப்போது அவள் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒரு நாள் வாயைத் திறந்தாளாம், உலகம் மயங்கிவிட்டதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் முதன்முதலில் மைக் முன்னால் வாயைத் திறந்தபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. நான் அங்கே இருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூருக்கு வடக்கே மலையில் இருக்கும் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அந்தத் தோட்டத்து ஆபீசில் என் அப்பா கிராணியாக இருந்தவர், அதாவது கணக்கர். நான் அங்கேயே வளர்ந்து, படித்து, அப்பா விரும்பிய எந்த வேலைக்கும் போகாமல் அதே மலையில் தானா ராத்தா ஊரில் ஓர் ஓட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு வந்த இடத்தில் பகல் கச்சேரியைக் கேட்க உட்கார்ந்தேன். உள்ளூர் வாத்தியக்காரர்கள், தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் சினிமாப் பாட்டு பாடினார்கள். தவமணியின் முறை வந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்.

முதல் வரியைத் தாமதமாகத் தொடங்கினாள். ஆர்மோனியக்காரர் நல்ல மனிதர், பிள்ளை தடுமாறுகிறது என்று நினைத்துக் கொஞ்சம் நிதானித்தார். தபலாக்காரரும் நிதானித்தார். கோயில் பஜனையில் அப்படித்தான். பாடுகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே தாளம் போய் நிற்கும், அதுதான் மரியாதை. அவர்கள் நிதானிக்க, இவள் இன்னும் பின்னால் போனாள். இவள் பின்னால் போக, அவர்கள் இன்னும் நிதானித்தார்கள். நான்காவது வரியில் பாட்டு நடு ரோட்டில் படுத்துவிட்டது.

"கிளச்சு போச்சு லா, எறங்கி லோரிய தள்ளுங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"கடைய மூடிட்டாங்களா?" என்றான் இன்னொருவன்.

ஒரே சிரிப்பு. முன்வரிசையில் அவளுடைய அம்மா பச்சையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வேறு பெண்ணாக இருந்தால் அழுதுகொண்டு இறங்கியிருப்பாள். தவமணி இடுப்பில் கையை வைத்து ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏங்கண்ணே நிக்கிறீங்க? நான் வந்துருவேன்ல! நீங்க போய்க்கிட்டே இருங்க!"

அது மைக்கில் கேட்டது. சிரிப்பு இன்னும் பெரிதாகியது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு வரியையும் தாமதமாகத்தான் எடுத்தாள். ஆனால் வரியின் கடைசிச் சொல், வாத்தியம் நிதானிக்காமல் போயிருந்தால் எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழப் பார்த்தது. வழி தெரியாமல் தாமதமாகிறவர்கள் உண்டு. வழி நன்றாகத் தெரிந்ததால் சாவகாசமாகப் புறப்படுகிறவர்களும் உண்டு. இவள் இரண்டாவது வகை. இப்படிப் பாடுகிறவர்களை நான் அதுவரை அமெரிக்க இசைத்தட்டுகளில் மட்டுமே கேட்டிருந்தேன்.

கச்சேரி முடிந்ததும் போய்ப் பேசினேன்.

"என்னா சின்னக் கிராணி, நீங்களும் சிரிக்க வந்தீங்களா?" என்றாள்.

இப்படிப் பாட யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுக்க என்னா இருக்கு? நாங்க இந்தப் பக்கம் கொழுந்து எடுப்போம். எங்க பெரியம்மா கூட்டம் எதிர்ச் சரிவுல எடுக்கும். நடுவுல பள்ளம். அவங்க பாடுறது இங்க வந்து சேர ஒரு நொடி ஆகும், நாங்க பதிலுக்குப் பாடுறது அங்க போய்ச் சேர ஒரு நொடி ஆகும். அதுக்காக கை நிக்குமா? கூடை ரொம்பணும்ல. கை அது பாட்டுக்குப் போகும், பாட்டு பின்னால வரும்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ரேடியோவுல இங்கிலீஷ் பாட்டு போடுறான்ல, அதுல சில பொம்பளைங்க பாடுறதைக் கேட்டா அவங்களும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடுற மாதிரியே இருக்கும். அதான் எனக்குப் புடிச்சுப் போச்சு."

மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை தானா ராத்தாவில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ரேடியோவில் கேட்ட பாட்டுகளில் பத்துப் பதினைந்தை வார்த்தை தவறாமல் மனப்பாடமாக வைத்திருந்தாள். இவளை எங்கள் குழுவில் பாட வைப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மேடையில் பாட்டு விழுந்தால் எல்லோரும் பாடகியைப் பார்ப்பார்கள். நீங்கள் வாத்தியத்தைப் பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

எங்கள் ஓட்டலில் அப்போது பாடகி இல்லை. சமவெளியிலிருந்து வந்த ஒரு பெண் மலைக்குளிரில் தொண்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். குழுவில் நாங்கள் நான்கு பேர். பியானோ வாசித்தவர் பினாங்குக்காரர், தமிழர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். பேஸ் வாசித்தவன் டொமினிக். ஆள் உயரத்துக்கு நிற்குமே, அந்தப் பெரிய வாத்தியம். சாக்ஸபோன் ஆ செங், ரிங்லெட் கடைத்தெருவில் வளர்ந்த சீனன். தமிழில் சண்டை போடுவதில் நம்மவர்களைவிடக் கெட்டிக்காரன்.

முதல் ஒத்திகையில் நாங்களும் அதே காரியத்தைத்தான் செய்தோம். அவள் தாமதித்தாள், நாங்கள் காத்திருந்தோம், பாட்டு படுத்தது. மாஸ்டர் பியானோ மூடியைத் தட்டென்று சாத்தினார்.

"டேய், நீங்கள்லாம் என்ன பஸ் கண்டக்டரா? அந்தப் பொண்ணு ஓடி வர்றான்னு பஸ்ஸ நிறுத்தி வைக்கிறீங்களே. அவளுக்கு பஸ் வேணாம்டா. நடந்தே உனக்கு முன்னால போய்ச் சேர்ந்துருவா." பிறகு என்னிடம் திரும்பினார். "அவ மொகத்தப் பாக்காத. பாத்தா கை எளகிடும். அந்த ஜன்னலப் பாரு."

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மூடுபனி, பார்க்க ஒன்றுமே இல்லை. மாஸ்டர் அதற்காகத்தான் சொல்லியிருக்கிறார். கை தன் போக்கில் போனது. அவள் வரி எங்கோ பின்னால் புறப்பட்டு, சுற்றி, வளைந்து, கடைசிச் சொல்லில் என் அடியோடு வந்து கைகுலுக்கியது. டொமினிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். எனக்கு முதுகு சிலிர்த்தது.

மாஸ்டர் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இந்த ஜன்னல் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

ஓட்டல் மேனேஜர் ஈப்போவிலிருந்து வந்தவர். கோட்டும் டையும் கழற்றாத தமிழர். பாட்டைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, நடனம் ஆடும் தளத்தைப் பற்றித்தான் கவலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஓட்டலில் தேநீர் நடனம் நடக்கும். டிக்கெட் வாங்கி வருவார்கள். மண்டபத்தின் நடுவில் பளபளவென்று மரத்தளம், சுற்றிலும் மேசை நாற்காலிகள். தோட்டத்துத் துரைமார்கள், ஈப்போ வியாபாரிகள், திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போட்டுப் பணம் பார்த்த சீனக் குடும்பங்கள் எல்லாம் ஜோடியாக ஆடுவார்கள்.

"நாலு ஞாயிறு தர்றேன்" என்றார் மேனேஜர். "தளம் காலியாகக் கூடாது. ஆளுங்க தளத்துல இருந்தா களைச்சுப் போயி டீ கேப்பாங்க, கேக் கேப்பாங்க. தளத்தை விட்டு நாற்காலிக்குப் போயிட்டா பில்லைக் கேப்பாங்க லா. நாலாவது ஞாயிறு தளம் நெறஞ்சு இருந்தா இந்தப் பொண்ணுக்கு நிரந்தர வேலை. இல்லேன்னா சிங்கப்பூர்ல ஒருத்தி ரெடியா இருக்கா."

வீட்டில் அதைவிடக் கடுமையான மேனேஜர் இருந்தார். முதல் ஞாயிறன்று தவமணியைக் கூட்டிப்போக லயத்துக்குப் போனபோது பச்சையம்மா வாசலை மறித்து நின்றார்.

"கிராணி வூட்டுத் தம்பின்னு பாக்குறேன். ஓட்டல்ல பாடுறவள எவன் கட்டிப்பான்?"

"கட்டிக்கிட்டவங்க எல்லாம் சும்மாவா இருக்காங்க?" என்றாள் தவமணி உள்ளேயிருந்து. "அவங்களும்தான் தெனம் கத்துறாங்க. நான் மெட்டோட கத்துறேன்."

"வாயப் பாத்தீங்களா தம்பி? நாலு வாரம். வேலை கெடைச்சா அவ பாடு. கெடைக்கலேன்னா இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது, நான் சொல்ற எடத்துல கழுத்த நீட்டணும்."

"சரி" என்றாள் தவமணி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முதல் ஞாயிறு அவமானமாகப் போயிற்று. நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம், தாளம் நேராகப் போனது, அவள் அழகாகப் பாடினாள். ஆனால் ஆடுகிறவர்கள் டிரம்ஸைக் கேட்டு ஆடுவதில்லை. நம் தொழிலில் கசப்பான உண்மை இது. அவர்கள் குரலைக் கேட்டுத்தான் காலெடுத்து வைக்கிறார்கள். குரல் தாமதமானால் காலும் தாமதமாகிறது. இன்னொருவர் காலோடு மோதுகிறது. திரிங்காப் முட்டைக்கோஸ்காரர் ஒருவர், மிகக் கவனமாக நடனம் கற்றுக்கொண்டவர், தன் மனைவியின் காலை மூன்று முறை மிதித்தார். மூன்றாவது முறை அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். மேனேஜர் தூணருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு தவமணி நேராக அவரிடம் போனாள். "வார்த்தைய தாளத்து மேலயே வச்சுப் பாடினா வேலை நிச்சயமா, சார்?"

"நிச்சயம் லா."

அன்று அப்படியே பாடினாள். அடிக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஓர் அடி. தளம் நிறைந்து வழிந்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பில்லைக் கேட்க ஆள் இல்லை. அவள் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. முடிந்ததும் சமையலறைப் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தாள்.

"கொழுந்து எடை போடுற எடத்துல பேரு கூப்பிடுற மாதிரி இருக்குண்ணே" என்றாள். "தவமணி, இத்தன கிலோ. அடுத்து முனியம்மா, இத்தன கிலோ. இப்படிப் பாடினா வேலை கெடைக்கும். ஆனா வேலை கெடைச்சது எனக்கு இல்ல. என் பேர வச்சுக்கிட்டு வேற எவளுக்கோ."

"வேலை கிடைச்ச பிறகு உன் மாதிரி பாடிக்கலாமே" என்றான் டொமினிக்.

"கெடைச்ச பெறகு யாரு விடுவா? அடுத்த வாரம் நான் என் மாதிரிதான் பாடுவேன். போனா போகுது." நிறுத்தி, மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அம்மா பாத்து வச்சிருக்கிற மாப்பிள்ளைய நெனச்சாத்தான் பயமா இருக்கு. அந்த ஆளு விசிலே அபஸ்வரமா அடிப்பான்."

அந்த வாரம் முழுக்க நாங்கள் யோசித்தோம். எனக்குத் தூக்கமே வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது மிகச் சிறிய விஷயம். பாட்டைத் தொடங்கும்போதே அவளை விடாமல், முதல் சுற்றை நாங்கள் மட்டும் வாசிப்பது. ஆடுகிறவர்களின் கால்களுக்கு அந்தச் சுற்று. கால்கள் எங்கள் தாளத்தில் பழகிவிட்டால், பிறகு குரல் எங்கே அலைந்தாலும் கால் தன் வழியில் போகும். அதோடு சத்தத்தைக் குறைத்தோம். ஆமாம், குறைத்தோம். தெளிவு வேண்டுமென்றால் நீங்கள் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். என் காது இன்றைக்கு இப்படி இருப்பதற்கு உங்களைப் போன்றவர்கள்தான் காரணம்.

மூன்றாவது ஞாயிறு அப்படிச் செய்தோம். தளம் பாதி நின்றது, பாதி போனது. முட்டைக்கோஸ்காரர் ஒரு முறைகூட மிதிக்கவில்லை. மேனேஜர் அன்றைய பில்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் நான்காவது ஞாயிற்றுக்கு வந்து நின்றது.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடும். பல வருடம் கழித்து, எண்பதுகளில், கோலாலம்பூரில் ஒரு பெரிய மண்டபத்தில் அவளுக்குப் பின்னால் இருபது பேர் வாசித்தார்கள். நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். ஒத்திகையில் குழுத் தலைவர் அவளிடம் மிகப் பணிவாக, "அம்மா, நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கையால் ஒரு சைகை காட்டினால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா நான் ஏன் பாடணும்?" என்றாள். அந்த மனிதர் தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "சரி, எல்லாரும் தாளில் உள்ளதை வாசியுங்கள்" என்றார். அன்றைய கச்சேரி பிரமாதம். நல்ல தலைவர், புரியாத விஷயத்தைத் திருத்தப் போகவில்லை. அவரை எங்காவது பார்த்தால் கும்பிடுங்கள்.

நான்காவது ஞாயிறு. காலையிலிருந்தே மழை. மாஸ்டர் முதல் நாள் மலைக்குக் கீழே தாப்பா பக்கம் போயிருந்தார். ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது என்று செய்தி வந்தது. பியானோ இல்லை. இறங்கிப் போக வேண்டிய சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் மலையிலேயே மாட்டிக்கொண்டதால் மண்டபம் மட்டும் அன்று நிரம்பி வழிந்தது.

பச்சையம்மாவும் தவமணியின் பெரியம்மாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மேசை தள்ளி அவர்கள் தோட்டத்துத் துரையும் அவர் மனைவியும். பரிசாரகன் வெள்ளிக் கெண்டியில் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

"இது நம்ம தோட்டத்து எலதானே?" என்று பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஆமா. நாம பறிச்சு, அவன் அரைச்சு, நமக்கே விக்கிறான்."

"வெந்நி மாதிரி இருக்கு. பாலு எங்கடி?"

"மொள்ளமா பேசு, துரை பாக்குறாரு."

"பாக்கட்டும். அவரு குடிக்கிறதும் இந்த வெந்நிதானே."

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பியானோ இல்ல. ஒண்ணு செய்ங்க. ஆ செங் மெட்டை வாசிக்கட்டும், பொண்ணு அதோட ஒட்டி நேராப் பாடட்டும். ரெண்டாவது வாரம் மாதிரி. ஆளுங்க ஆடுவாங்க. நானும் வேலைய குடுத்துர்றேன். எல்லாருக்கும் நல்லது லா."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே உதவி செய்யத்தான் நினைத்தார். அதில் பிழையும் இல்லை. பாதுகாப்பான வழி அதுதான். திரும்பித் தவமணியைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது. தலையை இல்லை என்று லேசாக ஆட்டினாள். கை மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

சாக்ஸபோன் மெட்டை வாசித்தால் அவளுக்குப் பக்கத்தில் வேலி போட்ட மாதிரி. அலைய இடமிருக்காது. ஆ செங்கிடம் போய், அவள் பாடும் பாட்டில் நீ வாசிக்காதே, நானும் டொமினிக்கும் மட்டும் போகிறோம் என்றேன்.

"சும்மா இருக்கிறதுக்கா நான் கோட்டு இஸ்திரி போட்டுக்கிட்டு வந்தேன்?" என்றான். ஆனால் வாத்தியத்தை மடியில் வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

தொடங்கினோம். பேஸும் டிரம்ஸும் மட்டும். நான் குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷால் டிரம்ஸை வருடினேன். டொமினிக் அடிக்கு ஒரு சுரமாக நடந்தான். முதல் சுற்று கால்களுக்கு. ஜோடிகள் எழுந்தார்கள், தளம் நிறைந்தது. இரண்டாவது சுற்றில் அவள் வந்தாள், தாமதமாக, சாவகாசமாக. சுற்றிலும் வேறு எந்தச் சத்தமும் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நின்றது. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

சுற்று முடிய நான்கு பார் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தது பியானோ சுற்று. பியானோவை எடுத்துவிட்டோமே தவிர, அது வாசிக்க வேண்டிய முப்பத்திரண்டு பாரை யாரும் எடுக்கவில்லை. மேனேஜரோடு பேசிய அவசரத்தில் யாருக்குமே அந்த நினைவு வரவில்லை. தவமணி தன் வரியை முடித்து, வழக்கம்போல் மைக்கிலிருந்து விலகி நின்றாள். நான் ஆ செங்கைப் பார்த்தேன். அவன் கட்டிய கையை அவிழ்க்காமல், "நீதானே சும்மா இருன்னு சொன்னே" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

ஒரு பார் காலியாகப் போனது. இரண்டாவது பாரும் போனது. மண்டபம் முழுக்க மழைச் சத்தமும் என் பிரஷும்தான்.

இந்த இடத்தில் ஒரு டிரம்ஸ்காரனுக்கு மூன்று ஆசை வரும். சத்தமாக அடித்து ஓட்டையை அடைக்கலாம். முடிவுக்குச் சைகை காட்டிப் பாட்டை நிறுத்தலாம். அல்லது பாடகியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சலாம். மூன்றையும் விழுங்கிக்கொண்டேன். கை போன போக்கில் போனது. அதற்கு மேல் நான் எதையும் செய்யவில்லை. அன்று நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

மூன்றாவது பாரில் தவமணி மைக்குக்குத் திரும்பி வந்தாள். வார்த்தை எதுவும் இல்லை. "தன்னானே" என்று எடுத்தாள்.

கொழுந்துக் காட்டில் பெண்கள் பாடும் அதே தன்னானே. ஆனால் பாட்டு அமெரிக்கப் பாட்டு, ஏறி இறங்கும் இடங்கள் எல்லாம் அந்தப் பாட்டினுடையவை. அதற்குள் தன்னானேவை உடைத்தாள், நீட்டினாள், ஒரு துண்டைத் தூக்கி எங்கோ உயரத்தில் மாட்டினாள், மாட்டிய இடத்திலிருந்து சரசரவென்று இறங்கினாள். ஜாஸ் பாடகிகள் வார்த்தையில்லாமல் வாத்தியம் போலப் பாடுவதுண்டு. யாரிடமோ கேட்டு அப்படியே திருப்பிப் பாடுகிறவர்கள்தான் அதிகம். இவள் தன்னுடையதை எடுத்துவந்து பாடினாள். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தளத்தில் ஒரு ஜோடி நின்றது. பிறகு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பாருக்குள் யாரும் ஆடவில்லை.

"அய்யய்யோ, வார்த்தைய மறந்துட்டா" என்று பச்சையம்மா சொன்னது எனக்கே கேட்டது. அவருக்குத் திருவிழாக் கூட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வாக்கா, போயிரலாம்."

பெரியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சும்மா இருடி. யாராச்சும் சிரிக்கிறாங்களா, பாரு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பி நின்றார்கள். மேனேஜர் தூணருகிலிருந்து வேகமாக வந்தார். கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்து, நிறுத்து, நிறுத்து என்று எனக்குச் சைகை காட்டினார். ஆட்டம் நின்றுவிட்டது, அவருடைய கணக்கில் பாட்டு தோற்றுவிட்டது. நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போது அந்தத் திரிங்காப் முட்டைக்கோஸ்காரர் தளத்தை விட்டு ஓரத்துக்குப் போனார். போச்சு, முதல் ஆள் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கினார். அதைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து தளத்தின் நடுவில், மேடையைப் பார்த்த மாதிரி வைத்தார். மனைவியை அதில் உட்கார வைத்தார். பிறகு தனக்கு ஒன்று எடுத்து வந்தார்.

அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு ஒரு துரை. சுற்றுலாப் பயணிகள். அந்த மண்டபத்தில் நாற்காலிகள் எப்போதும் மேசைகளைப் பார்த்துத்தான் கிடக்கும். வாத்தியக்காரர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேக் சாப்பிடுவார்கள். அன்று ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிவந்து பளபளப்பான அந்த மரத்தளத்தில் வரிசையாகப் போட்டார்கள். பெரியம்மா இரண்டு கையிலும் இரண்டு நாற்காலியோடு வந்து, துரைக்குப் பக்கத்தில் போட்டு, பச்சையம்மாவை அமர்த்தித் தானும் உட்கார்ந்தார்.

முப்பத்திரண்டு பார் முடிந்து, தவமணி மறுபடி வார்த்தைக்கு வந்து, கடைசிச் சொல்லை என் கடைசி அடியில் வைத்தபோது தளத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு நொடி மழை மட்டும் கேட்டது. பிறகு அவர்கள் கைதட்டியதில் மழை கேட்கவில்லை. ஆ செங் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று தட்டினான்.

மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தவர் மேனேஜர் மட்டும்தான். தளத்தைப் பார்த்தார். விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஆட்கள். ஆனால் ஒருவர்கூட ஆடவில்லை. அவருடைய நிபந்தனையில் இதற்கு இடம் இருந்ததா இல்லையா என்று அவருக்கே விளங்கவில்லை. மேடையருகே வந்தார்.

"இப்ப டீய நான் எங்க லா கொண்டாந்து வைக்கிறது? மேசை எல்லாம் அங்க கெடக்கு."

"மேசையையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, சார்" என்றாள் தவமணி.

"அடுத்த ஞாயிறுமா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். டையைக் கொஞ்சம் தளர்த்தினார்; அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை. "எல்லா ஞாயிறும்" என்றார். "மத்த நாள்ல சாயங்காலமும். சிங்கப்பூர்க்காரிக்கு நான் தந்தி அடிச்சுர்றேன்."

முன்வரிசையிலிருந்து பச்சையம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுக்கச் சொல்லுடி!"

மண்டபமே சிரித்தது. தவமணியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என் பக்கம் திரும்பி அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னாள். நான் பிரஷைத் தூக்கி எண்ணத் தொடங்கினேன். மேனேஜர் ஒரு நாற்காலியைத் தேடி, கிடைக்காமல், மேடைப் படியிலேயே கோட்டோடு உட்கார்ந்தார்.